‘டோன்ட் அசியூம்’ என்று திரும்பி வந்த அறிக்கை

மார்த்தாண்டம் பக்கம் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக வேலை பார்க்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். வார்டில் ஏதாவது நடந்தால் ஆங்கிலத்தில் சம்பவ அறிக்கை எழுத வேண்டும். ‘ஐ திங்க்’ என்று எழுதினால் மேலே இருப்பவர் சிவப்பு மையில் ‘டோன்ட் அசியூம்’ என்று போட்டுத் திருப்பி அனுப்புகிறார். ஊகத்தையும் அனுமானத்தையும் சொல்ல ஆங்கிலத்தில் என்னென்ன சொற்றொடர்கள் உண்டு, பட்டியலாகத் தர முடியுமா என்பது கேள்வி. பட்டியல் தருவது பெரிய காரியமில்லை, உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் ஐம்பது தேறும். ஆனால் உங்கள் அறிக்கை திரும்பி வருவது சொல் போதாமல் அல்ல என்றுதான் எனக்குப் படுகிறது. எதைக் கண்ணால் பார்த்தீர்கள், எதைப் பிறர் சொல்லிக் கேட்டீர்கள், எதை நீங்களாகக் கூட்டிச் சேர்த்தீர்கள் என்பது வாசிப்பவருக்குப் பிரிந்து தெரியவில்லை. ஆகவே நீங்கள் உண்மையில் கேட்பது, எனக்கு எவ்வளவு உறுதி, அந்த உறுதி எங்கிருந்து வந்தது என்பதை ஆங்கிலத்தில் எப்படிக் காட்டுவது என்ற கேள்வி. அதற்குத்தான் இந்தப் பதில்.

நான் நாகர்கோவில்காரன். பள்ளிக்கூடத்தில் 29 வருடம் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவன். இப்போது சனி, ஞாயிறுகளில் வெளிநாட்டு வேலைக்குத் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு எழுத்துப் பயிற்சி கொடுக்கிறேன். நம் மாவட்டத்தில் நாலு வீடு தாண்டினால் ஒரு நர்ஸ் இருப்பார் என்பதால் மாணவிகளுக்குப் பஞ்சமில்லை. (இந்த ‘இருப்பார்’ கூட ஊகம்தான், கீழே வருகிறேன்.) மருத்துவம் எனக்குத் தெரியாது, சட்டம் படித்ததில்லை. உங்கள் மருத்துவமனை அறிக்கைக்கென்று ஒரு முறை வைத்திருந்தால் நான் சொல்வதை விட அதுதான் செல்லும். ஆங்கில வாக்கியம் எந்த இடத்தில் வழுக்கும் என்பதை மட்டும் சொல்ல முடியும். அந்த இடங்களில் நானே விழுந்து எழுந்திருக்கிறேன்.

முதலில் தமிழைப் பார்ப்போம், கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. நம் மொழியில் ஊகத்துக்கென்று தனியாக ஒரு சொற்றொடரைத் தேட வேண்டியதில்லை. வினைச்சொல்லின் வாலிலேயே அது ஒட்டிக்கொண்டு வரும். ‘குளச்சல்ல மழை பெய்யுது’ என்றால் சொல்பவர் நனைந்துகொண்டு நிற்கிறார். ‘பெய்யுதாம்’ என்றால் யாரோ போனில் சொன்னார்கள். ‘பெய்யுது போல’ என்றால் மேற்கே வானம் கறுத்துக் கிடப்பதைப் பார்த்துச் சொல்கிறார். ‘பெய்திருக்கும்’ என்பது பழக்கத்தை வைத்துச் சொல்வது, ஜூன் மாதம் அல்லவா என்பது போல. ‘பெய்திருக்கலாம்’ என்றால் கைவசம் ஒன்றும் இல்லை. ‘பெய்திருக்கணும்’ என்றால் அங்கிருந்து வந்த பஸ்ஸின் கூரையில் தண்ணீர் சொட்டுகிறது. ஒரே மழைக்கு ஐந்து வால். பழைய தமிழில் ‘கொல்’ என்று ஒரு சின்ன அசை இருந்தது. ‘கொல்லே ஐயம்’ என்று தொல்காப்பியம் இரண்டே சொல்லில் அதற்கு இலக்கணம் சொல்லிவிட்டுப் போய்விட்டது. அந்தக் கொல் வழக்கொழிந்தாலும் வால் வைத்துப் பேசும் பழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு வம்பு. மற்ற ஊர்களில் ‘வருவானாக்கும்’ என்றால் வருவான் என்று நினைக்கிறேன் என்று பொருள். நம்மிடம் ‘நான் டீச்சராக்கும்’ என்றால் அதில் ஊகம் ஒரு துளியும் கிடையாது, அழுத்திச் சொல்கிறோம். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்த சக ஆசிரியர் ஒருவர் முதல் வாரமே, “என்ன சார், உங்க ஊர்ல யாருக்கும் தன்னப் பத்தியே நிச்சயமாத் தெரியாது போல” என்று கேட்டார். ஒரே வால் நூற்றைம்பது மைலுக்கு அப்பால் வேறு பொருள் தருகிறது என்றால், கடல் தாண்டிப் போகும் வாக்கியத்தில் என்னவெல்லாம் ஆகும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆங்கிலத்துக்குப் போகும்போது அதிகம் கெடுவது ‘இருக்கும்’ என்ற வால். ‘அவருக்குக் காய்ச்சல் இருக்கும்’ என்று மனதில் ஓடுகிறது, கை ‘ஹி வில் ஹேவ் ஃபீவர்’ என்று எழுதிவிடுகிறது. வாசிக்கும் டாக்டருக்கு அது இனிமேல் காய்ச்சல் வரப்போகிறது என்று கேட்கும். ‘ஹி வில் பி ஹேவிங் ஃபீவர்’ என்றால் இன்னும் மோசம். தமிழில் எதிர்காலமும் ஊகமும் ஒரே பையில் கிடக்கின்றன, ஆங்கிலத்தில் பெரும்பாலும் தனித்தனிப் பை. பெரும்பாலும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அவர்களும் கதவு தட்டும் சத்தம் கேட்டதும் ‘தட் வில் பி த போஸ்ட்மேன்’ என்பார்கள். தினமும் அந்த நேரத்துக்கு வருகிற ஆள் என்ற துணிச்சலில் சொல்வது அது. வார்டு அறிக்கையில் அந்தத் துணிச்சல் வேண்டாம். தெர்மாமீட்டர் வைக்கவில்லை, தொட்டுத்தான் பார்த்தீர்கள் என்றால் ‘ஹிஸ் ஸ்கின் ஃபெல்ட் ஹாட்’ என்று எழுதுங்கள். அது ஊகமே அல்ல, உங்கள் கை அறிந்த சேதி.

‘இருக்கணும்’ என்பதற்கு ‘மஸ்ட்’ நன்றாகவே பொருந்தும். கட்டாயம், ஆதாரத்திலிருந்து எடுத்த முடிவு என்ற இரண்டு பொருளும் இரண்டு மொழியிலும் உண்டு. எதிர்மறைக்கு வரும்போதுதான் கால் இடறும். மாத்திரை அட்டை பிரிக்காமல் மேசையில் கிடக்கிறது, அவர் சாப்பிட்டிருக்க வழியே இல்லை. இதற்கு பிரிட்டிஷ் வழக்கில் ‘ஹி கேன்ட் ஹேவ் டேக்கன் இட்’ என்பார்கள். அமெரிக்கர்கள் ‘மஸ்ட் நாட் ஹேவ்’ என்றும் எழுதுவதால் அதைத் தப்பு என்று அடிக்க மாட்டேன். ஆனால் ‘மஸ்ட் நாட் டேக்’ என்று நிகழ்காலத்தில் எழுதிவிட்டால் எந்த ஊரிலும் அது ‘சாப்பிடக் கூடாது’ என்ற கட்டளைதான். இன்னொன்று, ‘மஸ்ட்’ எழுதினால் அந்த மாத்திரை அட்டை அதே பத்தியில் இருக்க வேண்டும். காரணம் பக்கத்தில் இல்லாத ‘மஸ்ட்’டைப் பார்த்தால் யாருக்கும் சிவப்புப் பேனாவை எடுக்கத்தான் தோன்றும்.

அப்புறம் ‘மே’, ‘மைட்’, ‘குட்’, ‘கேன்’. இதில் ‘கேன்’ எளிது. ஒரு பொருளின் பொது இயல்பைச் சொல்ல அது வரும்: இந்த மருந்து தலைசுற்றலை உண்டாக்கக் கூடியது, ‘திஸ் மெடிசின் கேன் காஸ் டிஸினெஸ்’. நேற்று ராத்திரி ஏழாம் நம்பர் கட்டிலில் இருந்தவருக்கு வந்த தலைசுற்றல் அதனால்தானா என்ற ஊகத்துக்கு ‘கேன்’ உதவாது, மற்ற மூன்றில் ஒன்று வேண்டும். ‘மே’யை விட ‘மைட்’ பலம் குறைந்தது என்று பள்ளி இலக்கணப் புத்தகங்கள் சொல்லும். நானும் 29 வருடம் அப்படித்தான் கரும்பலகையில் எழுதினேன். இப்போது கேட்டால், அந்த வித்தியாசத்தை நம்பி எதையும் எழுதாதீர்கள் என்பேன். தாய்மொழியாகப் பேசுகிறவர்களே இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுகிறார்கள், உங்கள் நுட்பம் வாசிப்பவருக்குப் போய்ச் சேராது. ஒரே ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. ‘ஹி மே ஹேவ் டைட்’ என்றால் இறந்திருக்கலாம், நமக்குத் தெரியவில்லை. ‘ஹி மைட் ஹேவ் டைட்’ என்பதற்கு அந்தப் பொருளும் உண்டு, ‘செத்திருப்பான், நல்ல வேளை பிழைத்துக்கொண்டான்’ என்ற பொருளும் உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல ‘மே ஹேவ்’ பத்திரமானது.

ஆனால் ‘மே நாட்’ மருத்துவமனையில் பத்திரமானது அல்ல. ‘த பேஷன்ட் மே நாட் ஈட்’ என்று ஒரு மாணவி பயிற்சித் தாளில் எழுதியிருந்தாள். பசியில்லாததால் சாப்பிடாமல் இருக்கலாம் என்பது அவள் நினைத்தது. மறுநாள் காலை ஆபரேஷனுக்குக் காத்திருக்கும் ஆளைப் பற்றிய குறிப்பில் அதே வாக்கியம் ‘சாப்பிடக் கூடாது’ என்று ஆகிவிடும். இங்கே ‘மைட் நாட்’ போடுங்கள், குழப்பம் தீர்ந்தது.

இனி ‘சந்தேகம்’. நம் பக்கத்துப் பழைய ஆட்கள் ‘சம்சயம்’ என்பார்கள், மலையாளத்துக்கும் நமக்கும் பொதுவான சொல். இரண்டுமே இரண்டு எதிரெதிர் வேலையைச் செய்கின்றன. ‘அவன் எடுத்திருப்பான் என்று சந்தேகம்’ என்றாலும் சரி, ‘அவன் எடுத்திருப்பானா என்பது சந்தேகம்’ என்றாலும் சரி, ஒரே சொல்தான். ஆங்கிலத்தில் முதலாவது ‘சஸ்பெக்ட்’, இரண்டாவது ‘டவுட்’. என் சொந்தக்காரர் ஒருவர் ஒரு ரப்பர் டிப்போவில் கணக்கு எழுதினார். ஷீட் எண்ணிக்கை குறைந்தபோது கம்பெனிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதினார்: ‘ஐ டவுட் தட் த வாட்ச்மேன் டுக் த ஷீட்ஸ்’. வாட்ச்மேன் மேல்தான் சந்தேகம் என்பது அவர் சொல்ல வந்தது. கடிதத்தைப் படித்தவர் நல்ல ஆங்கிலம் தெரிந்த பெரியவர். வாட்ச்மேன் எடுத்திருக்க மாட்டான் என்று கணக்குப்பிள்ளையே சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு, அந்த ஆளை விட்டுவிட்டு மற்ற எல்லாரையும் விசாரித்தார். என் சொந்தக்காரரையும் சேர்த்து. கடைசியில் ஷீட்டை உலர்த்தும் புகைப்புரையிலிருந்து வந்த ஒரு கட்டு ஷீட்டை இரண்டு தரம் வரவு வைத்ததுதான் தப்பு என்று தெரிந்தது. தப்பான ஆங்கிலம் ஒரு நிரபராதியைக் காப்பாற்றியதாக எனக்குத் தெரிந்த ஒரே வழக்கு அது. இந்தியாவுக்குள் ‘டவுட்’ என்று எழுதினால் பாதிப்பேர் நாம் நினைத்தபடியே புரிந்துகொள்வார்கள், அதனால்தான் இந்தப் பிழை இத்தனை நாள் உயிரோடு இருக்கிறது. அயர்லாந்திலோ நியூசிலாந்திலோ போய் அப்படி எழுதினால் எதிர்ப்பொருள்தான் போய்ச் சேரும்.

‘நம்புகிறேன்’ என்பதும் இந்த வகைதான், ஆனால் சீக்கிரம் சொல்லிவிடலாம். விருப்பத்தோடு நம்பினால் ‘ஹோப்’, விருப்பு வெறுப்பில்லாமல் நம்பினால் ‘பிலீவ்’. ‘ஐ ஹோப் த வூண்ட் இஸ் இன்ஃபெக்டட்’ என்று எழுதினால், புண்ணில் சீழ் பிடிக்கட்டும் என்று நீங்கள் வேண்டிக்கொள்வதாக ஆகும். வகுப்பில் வருடத்துக்கு ஒருவராவது இதை எழுதிவிடுகிறார்கள்.

உங்கள் மேலாளர் எழுதிய ‘அசியூம்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். ஆதாரம் பார்க்காமல் ஒன்றை உண்மை என்று வைத்துக்கொண்டு மேலே போவது ‘அசியூம்’. கையில் ஏதோ காரணம் இருக்கிறது, இல்லை என்று யாராவது காட்டும்வரை அதையே உண்மையாகக் கொள்வோம் என்பது ‘பிரசியூம்’. அன்றாடப் பேச்சில் இரண்டும் கலந்துதான் கிடக்கின்றன, சட்டத்தில் கலக்காது. ஒருவரைப் பற்றி ஏழு வருடம், தெரிய வேண்டியவர்களுக்கே தகவல் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தில் இருந்த இந்த விதி, 2024 ஜூலையில் அதன் இடத்துக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியத்திலும் இருக்கிறது. ‘பிரசியூம்ட் டெட்’ என்ற ஆங்கிலத் தொடருக்குப் பின்னால் நிற்பது இந்தக் கணக்கு.

அந்தத் தொடரின் கனம் எனக்குத் தெரிந்தது 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்துப் போன பிறகு. கடலுக்குப் போனவர்கள் திரும்பாத வீடுகளில் ஆங்கிலத்தில் மனு எழுத ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போனேன். ஒரு வீட்டில் ‘மிஸ்ஸிங், பிரசியூம்ட் டெட்’ என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போடும் முன் அந்த அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்: காணவில்லை, இறந்துவிட்டதாகக் கருதப்படுகிறார். அவர் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “யாரு கருதுனா? நான் கருதல்லியே” என்றார். எனக்குப் பதில் இல்லை. அந்த வரியை அடித்துவிட்டு, இன்ன தேதியில் கடலுக்குப் போனவர் இன்றுவரை திரும்பவில்லை, ‘ஹேஸ் நாட் ரிட்டர்ன்ட்’ என்று மட்டும் எழுதினேன். மனுவுக்கு அது போதுமானதாகவும் இருந்தது. இலக்கணம் நடத்திய நாளெல்லாம் செயப்பாட்டு வினை யாரை ஒளித்து வைக்கிறது என்று நான் யோசித்ததே இல்லை. ‘இட் இஸ் பிலீவ்ட்’, ‘இட் இஸ் அசியூம்ட்’, ‘இட் இஸ் பிரசியூம்ட்’ என்று நீங்கள் எழுதும் ஒவ்வொரு தடவையும் அந்த அம்மாவின் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். பதில் ‘நான்’ என்றால் ‘ஐ’ என்றே எழுதுங்கள். பதில் ‘டியூட்டி டாக்டர்’ என்றால் அவரைச் சொல்லுங்கள். பதிலே இல்லை என்றால் அந்த வரி வேண்டாம்.

‘ஆம்’ என்ற வாலுக்கு ஆங்கிலத்தில் நேர் சொல் கிடையாது. ‘ரிப்போர்டட்லி’, ‘அலெஜட்லி’ இரண்டும் செய்தித்தாள் சரக்கு, வார்டில் எடுபடாது. ‘அப்பரன்ட்லி’ என்று எழுதினால் பார்த்துச் சொல்கிறீர்களா, கேட்டுச் சொல்கிறீர்களா என்று பிரியாது. சொன்ன ஆளைச் சொல்லிவிடுவதுதான் ஒரே வழி: ‘ஹிஸ் டாட்டர் செட் தட்’ என்று தொடங்கி, மகள் சொன்னதை அவர் சொன்னபடி எழுதுங்கள். ‘போல’ வாலுக்குத்தான் நல்ல சொற்கள் உண்டு, ‘சீம்ஸ்’, ‘அப்பியர்ஸ்’. கண் மூடிப் படுத்திருப்பவரை ‘ஸ்லீப்பிங்’ என்று எழுதாமல் ‘அப்பியர்ட் டு பி அஸ்லீப்’ என்று எழுதச் சொல்லிக் கொடுப்பார்கள் அல்லவா, அதில் நியாயம் இருக்கிறது. தூக்கம் அவருடையது, நீங்கள் பார்த்தது மூடிய கண்ணைத்தான். வக்கீல் நண்பர் ஒருவர் சிவில் நடைமுறைச் சட்டத்தில் பிரமாணப் பத்திரத்துக்கான விதியைக் காட்டினார், 19-ஆம் கட்டளை, 3-ஆம் விதி. சொந்தமாக அறிந்ததைத்தான் எழுத வேண்டும். இடைக்கால மனுக்களில் மட்டும் நம்பிக்கையையும் எழுதலாம், ஆனால் ஏன் நம்புகிறேன் என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். உங்கள் அறிக்கை பிரமாணப் பத்திரம் அல்ல, ஆனாலும் அளவுகோல் நல்ல அளவுகோல்.

எவ்வளவு உறுதி என்பதைச் சொல்ல ‘பிராபப்ளி’, ‘லைக்லி’, ‘பாஸிப்ளி’ என்று ஒரு வரிசை இருக்கிறது. இவற்றை ஏணிப்படி மாதிரி ஒழுங்காக அடுக்கிக் காட்டும் புத்தகங்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை, படிகள் ஆளுக்கு ஆள் உயரம் மாறும். அமெரிக்க உளவுத்துறையில் ஷெர்மன் கென்ட் என்று ஒருவர் இருந்தார். 1951-இல் யூகோஸ்லாவியா மீது தாக்குதல் நடக்க ‘சீரியஸ் பாஸிபிலிட்டி’ உண்டு என்று அவருடைய குழு அறிக்கை எழுதியது. எத்தனை சதவீதம் என்று ஓர் அதிகாரி கேட்டபோது கென்ட் மனதில் இருந்தது நூற்றுக்கு 65. பிறகு, கூட உட்கார்ந்து அதே வாசகத்துக்கு ஒப்புக்கொண்டவர்களைக் கேட்டால், ஒருவர் 20 என்கிறார், இன்னொருவர் 80 என்கிறார். ஒரே மேசை, ஒரே வாக்கியம். அதற்குப் பிறகுதான் கென்ட் சொல்லுக்குச் சொல் எண் வைத்துப் பார்த்தார், ‘பிராபபிள்’ என்றால் ஏறத்தாழ 75, ‘ஆல்மோஸ்ட் சர்ட்டன்’ என்றால் ஏறத்தாழ 93 என்று. பருவநிலை மாற்றம் பற்றி அறிக்கை எழுதும் ஐ.பி.சி.சி. குழுவும் இப்படி ஒரு கணக்கு வைத்திருக்கிறது. அவர்கள் ‘லைக்லி’ என்றால் 66 சதவீதத்துக்கு மேல், ‘வெரி லைக்லி’ என்றால் 90-க்கு மேல். நம் கடற்கரையில் தினமும் வாசிக்கப்படும் மீனவர் எச்சரிக்கையில், குமரிக்கடலில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்தில் காற்று ‘லைக்லி’ என்று வருகிறதே, அந்தச் சொல்லை வீட்டில் பேசும் ‘லைக்லி’யோடு சேர்த்துப் பார்க்கக் கூடாது. உங்களைப் போல ஒருவர் தனியாக எழுதும் அறிக்கையில் எண் போட வேண்டியதில்லை. ஒன்று ‘பிராபப்ளி’, ஒன்று ‘பாஸிப்ளி’, இரண்டு படி போதும்: இல்லை என்பதை விட ஆம் என்பதற்குக் காரணம் அதிகம் என்றால் முதலாவது, வெறும் சாத்தியம் என்றால் இரண்டாவது.

சரி, வேலைக்கு வருவோம். நீங்கள் மாதிரிக்கு அனுப்பிய பத்தியைத் தமிழாக்கினால் இப்படி வருகிறது: ‘அதிகாலை மூன்று மணிக்கு நோயாளி பாத்ரூமில் வழுக்கி விழுந்தார். அவருக்குத் தலைசுற்றல் இருக்கும் என்று நினைக்கிறேன். துடைப்பவர் தரையைத் துடைக்கவில்லை என்று சந்தேகம்.’ மூன்று வாக்கியம். ‘ஐ திங்க்’ இரண்டாவதில்தான் இருக்கிறது, ஆனால் பெரிய ஊகம் முதல் வாக்கியத்தில், எந்த அடையாளமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. வழுக்கி விழுந்ததை நீங்கள் பார்த்தீர்களா? சத்தம் கேட்டுப் போனேன் என்று கீழே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பார்க்கவில்லை. மூன்று மணி என்பது அவர் விழுந்த நேரமா, நீங்கள் போய்ப் பார்த்த நேரமா?

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். மூன்று மணி அளவில் பாத்ரூமிலிருந்து ஒரு சத்தம் கேட்டேன், ‘ஐ ஹர்ட் அ நாய்ஸ்’. போனபோது நோயாளி தரையில் இருந்தார், ‘ஐ ஃபவுண்ட் த பேஷன்ட் ஆன் த ஃப்ளோர்’. தரை ஈரமாக இருந்தது, ‘த ஃப்ளோர் வாஸ் வெட்’. எழுந்து நின்றதும் தலை சுற்றியது என்று அவர் சொன்னார், ‘ஹி செட் ஹி ஃபெல்ட் டிஸி வென் ஹி ஸ்டுட் அப்’. விழுந்ததை யாரும் பார்க்கவில்லை, ‘த ஃபால் வாஸ் நாட் விட்னஸ்ட்’. இவ்வளவும் உறுதி. காரணத்தையும் எழுதச் சொல்கிற படிவம் என்றால் கடைசியில் ஒரே ஒரு ஊகம்: ‘ஹி மே ஹேவ் ஸ்லிப்ட் ஆர் பிகம் டிஸி’, வழுக்கியிருக்கலாம் அல்லது தலை சுற்றியிருக்கலாம். துடைப்பவரைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். ஈரம் எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியாது, குழாய் ஒழுகியிருக்கலாம், அந்த நோயாளியே தண்ணீர் மொண்டிருக்கலாம். ‘சஸ்பெக்ட்’ என்ற சரியான சொல்லைப் போட்டாலும் அது ஒரு ஆளின் வேலை மேல் விழும் கல்.

இதைப் படித்துவிட்டு வாக்கியத்துக்கு வாக்கியம் ‘மே’யும் ‘பெர்ஹாப்ஸ்’ஸும் தூவிவிடாதீர்கள், மக்களே. ‘ஐ திங்க் இட் மே பாஸிப்ளி பி’ என்று மூன்றையும் ஒன்றாக அடுக்கினால் மூன்றும் சேர்ந்து ஒன்றையும் சொல்லாது. பார்த்ததற்கு ஊகச் சொல் போடுவது ஊகத்துக்குப் போடாமல் விடுவதைப் போலவே தப்பு. தரை ஈரமாக இருந்தது என்றால் இருந்ததுதான், ‘சீம்ட் வெட்’ என்று பம்ம வேண்டாம். ‘ஆஸ் பர் மை அசம்ப்ஷன்’ என்று எழுதுவதை இன்றோடு விட்டுவிடுங்கள், அது அசியூம் பண்ணினேன் என்று நீங்களே கொடுக்கும் வாக்குமூலம். ‘ஐ கெஸ்’ வாட்ஸ்அப்புக்கு. ‘ஐ திங்க்’ தன்னளவில் குற்றமற்ற சொல். டாக்டர் உங்கள் கருத்தைக் கேட்டால், ‘ஐ திங்க்’ என்று தொடங்கி ‘பிகாஸ்’ என்று முடியுங்கள். அந்த ‘பிகாஸ்’ஸுக்குப் பிறகு எழுத ஒன்றும் வரவில்லை என்றால் வாக்கியத்தை எடுத்துவிடலாம்.

கேள்வியின் கடைசியில் ‘மேபி’ எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பேச்சில் தாராளமாக. அறிக்கையில் ‘பெர்ஹாப்ஸ்’ கொஞ்சம் கௌரவமாக இருக்கும், ‘மே’ இரண்டையும் விடச் சுருக்கம். எழுதியே ஆக வேண்டும் என்றால், ‘ஒருவேளை’ என்ற பொருளில் ‘மேபி’ சேர்த்து எழுதும் ஒற்றைச் சொல், பெரும்பாலும் வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும். ‘ஹி மே பி டயர்ட்’ என்று நடுவில் வரும்போது ‘மே’ தனி, ‘பி’ தனி. நீங்கள் அனுப்பிய பத்தியில் அது நடுவில் சேர்ந்து கிடக்கிறது, அதையும் பிரித்துவிட்டு அனுப்புங்கள்.